அம்மா எண்ணிய பெட்டிகள்

வன்கூவர் போகும் எங்கள் ரயில் வண்டி முதல் முறை நின்றபோது ரொறன்ரோவை விட்டுப் புறப்பட்டு நான்கு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. வெளியே நிலையம் இல்லை, மேடை இல்லை, பெயர்ப் பலகையும் இல்லை. ஒரு பக்கம் தேநீர் நிறத்தில் ஒரு குளம், மறுபக்கம் பட்டை உரிந்து வெளுத்த பேர்ச் மரங்கள். அம்மா யன்னல் கண்ணாடியில் நெற்றியை முட்டவைத்துப் பார்த்துவிட்டு, "இது என்ன ஊர்?" என்று கேட்டார்.

"ஊர் இல்லை அம்மா."

"ஊர் இல்லாத இடத்தில் ஏன் நிற்கிறான்?"

வண்டியையும் அதை ஓட்டுபவரையும் சேர்த்து 'அவன்' என்பது அம்மாவின் வழக்கம். கால் மணி நேரத்தில் விடை தானாகவே வந்தது. பக்கத்துத் தண்டவாளத்தில் முதலில் ஓர் அதிர்வு, பிறகு இரண்டு எஞ்சின்கள், பிறகு இரண்டடுக்காக ஏற்றிய கொள்கலன்கள். நீலம், செம்மண் நிறம், பச்சை, மறுபடியும் நீலம். நடுவில் ஆளில்லாமல் ஓர் எஞ்சின். அதற்குப் பின்னாலும் பெட்டிகள். அம்மா யன்னல் விளிம்பில் விரலைத் தட்டித் தட்டி எண்ணினார். 131.

"சாமான் ஏற்றிய வண்டிக்கு மனிதர் ஏறிய வண்டி ஒதுங்கி நிற்பதா?"

கேள்வியில் வியப்பைவிட அவமானம் அதிகம் இருந்தது. அம்மா கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே ஓடும் யாழ்தேவி ரயிலில் போய் வந்து பழகியவர். 1956இல் ஓடத் தொடங்கிய அந்த வண்டி, அம்மாவின் நினைவில், யாருக்காகவும் ஒதுங்கியதில்லை. மற்றவைதாம் அதற்கு ஒதுங்கின.

இங்கே கதை வேறு. தண்டவாளம் சரக்கு ரயில் நிறுவனத்தின் சொத்து. பயணிகள் வண்டி அதில் குடியிருப்பவரைப் போல, வாடகை கொடுத்து ஓடுகிறது. இதைவிட எளிய காரணம் ஒன்றும் இருக்கிறது. எங்கள் சுற்றுலாக் குழுவின் வழிகாட்டி அதைச் சாப்பாட்டு மேசைக் கடதாசியில் கோடு போட்டுக் காட்டினார். பாதையின் பெரும்பகுதி ஒற்றைத் தடம். எதிரெதிரே வரும் வண்டிகள் கடந்து போக இடையிடையே பக்கத் தண்டவாளங்கள் போட்டிருக்கிறார்கள். இன்றைய சரக்கு ரயில்களில் சில மூன்று கிலோமீட்டரையும் தாண்டி நீள்வதால் பல பக்கத் தண்டவாளங்களுக்குள் அவை அடங்குவதே இல்லை. அடங்கக்கூடியவர்கள் நாங்கள்தான். ஆகவே ஒதுங்குகிறவர்களும் நாங்கள்தான்.

எங்கள் குழுவில் 21 பேர். வழிகாட்டி ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர். வகுப்பறைக் குரலும் வகுப்பறைப் பொறுமையும் அவரிடம் இன்னும் மிச்சமிருந்தன. புறப்படும்போது சுற்றுலா நிறுவனம் ஆளுக்கொரு தாள் கொடுத்திருந்தது. எந்த நாள், எத்தனை மணிக்கு எந்த மலை தெரியும், எந்த ஆறு எந்தப் பக்கம் வரும் என்றெல்லாம் அழகாக அச்சடித்திருந்தார்கள். அதை எழுதியவர் இந்த ரயிலில் ஏறியதே இல்லை என்று இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. அம்மா மட்டும் அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருந்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்ததால் கடந்து போன ஒவ்வொரு சரக்கு ரயிலின் பெட்டிக் கணக்கையும் அதில் எழுதி வந்தார்.

பயணச் சீட்டின் விலையை அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடுத்த நிலையத்திலேயே இறங்கியிருப்பார்.

ரயிலின் பெயர் கனேடியன். ரொறன்ரோவிலிருந்து வன்கூவர் வரை 4,466 கிலோமீட்டர், இடையில் இறங்காமல் போனால் நான்கு இரவுகள். பிலடெல்பியாவில் பட் நிறுவனம் செய்து கொடுத்த பெட்டிகளோடு 1955 ஏப்ரலில் ஓடத் தொடங்கியது. நாங்கள் படுத்துறங்கியதும் சாப்பிட்டதும் அதே பெட்டிகளில்தான். துருப்பிடிக்காத எஃகு என்பதால் எழுபது வருடமாகத் தாக்குப்பிடிக்கின்றன. உள்ளே திரைச்சீலைகளையும் குழாய்களையும் மாற்றியிருக்கிறார்கள். வெளியே நெளிநெளியாக வரியோடிய அந்த வெள்ளித் தகடு அப்படியே இருக்கிறது, அம்மாவின் பழைய எவர்சில்வர் தூக்குவாளியைப் போல.

1990 ஜனவரியில் இந்த ரயிலைத் தெற்குப் பாதையிலிருந்து எடுத்து, எட்மன்டன், ஜாஸ்பர் வழியாகப் போகும் வடக்குப் பாதையில் விட்டார்கள். அதே ஆண்டு யூனில் யாழ்தேவி யாழ்ப்பாணம் வருவது நின்றது. மறுபடியும் அங்கே போய்ச் சேர்ந்தது 2014 ஒக்டோபரில். அம்மா அதற்குப் பல வருடம் முன்பே ரொறன்ரோவுக்கு வந்துவிட்டார்.

ஒன்ராறியோ மாகாணம் முடியவே முடியாது போலிருந்தது. மதியம் பார்த்த பாறை, குளம், ஊசியிலைக் காடு என்ற வரிசையே மாலையிலும் வந்தது, மறுநாள் காலையிலும் வந்தது. எங்கோ ஒரு மைல்கல்லில் வண்டி நின்றது. இரண்டு இளைஞர்கள் இறங்கினார்கள். பொதிப் பெட்டியிலிருந்து அவர்களுடைய சிறு படகை இறக்கிக் கொடுத்தார்கள். அதைத் தலைக்கு மேல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு இருவரும் மரங்களுக்குள் நடந்து மறைந்தார்கள். வீதியே இல்லாத இடங்கள் அவை. முன்கூட்டியே சொல்லிவைத்தால் அங்கே ரயில் நிற்கும். குழுவில் பலர் இதைப் பார்க்கவில்லை. வழிகாட்டி அவர்களிடம் கனேடியப் பாறைக் கவசம் என்ற பழம்பாறை நிலத்தின் வயதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பாறையின் வயதைவிட அந்தப் படகு எனக்குப் பிடித்திருந்தது.

நேரம் மேற்கே போகப் போகப் பின்வாங்கியது. வழியில் மூன்று தடவை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்ப வேண்டும். அம்மா திருப்ப மறுத்துவிட்டார். இரத்த அழுத்த மாத்திரை ரொறன்ரோ நேரம் காலை ஏழுக்கு, அவ்வளவுதான். அவருடைய கைக்கடிகாரமும் மாத்திரைப் பெட்டியும் கடைசி வரை ரொறன்ரோவிலேயே இருந்தன. இந்த நேர வலயங்களே ரயில்காரர்கள் தொடங்கி வைத்தவைதான். ஒவ்வோர் ஊரும் தன் தலைக்கு மேல் சூரியன் வரும் வேளையை நண்பகல் என்று வைத்திருந்தால் அட்டவணை போட முடியாது. 1883 நவம்பர் 18 அன்று வட அமெரிக்க ரயில் நிறுவனங்கள் பொது நேரத்துக்கு மாறின. அதற்காக ஓயாமல் எழுதியும் பேசியும் வந்தவர்களில் ஒருவர் சான்ட்ஃபோர்ட் ஃபிளெமிங். இந்த நாட்டின் குறுக்கே ரயில்பாதைக்கு வழி அளந்த பொறியியலாளர். அவர் இன்னொரு முறை வருவார்.

வினிப்பெக்குக்கு மாலையில் வந்து, செவ்வாறும் அசினிபோயின் ஆறும் கூடும் இடத்தில் உலாவுவதாகத் திட்டம். வந்து சேர்ந்தபோது இரவு பதினொன்றரை. உலாவப் போனவர்கள் 1911இல் கட்டிய நிலையத்தின் குவிமாடத்தின் கீழ் வட்டமாக நடந்துவிட்டுத் திரும்பினார்கள். நியூயோர்க்கின் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தை வடிவமைத்தவர்களின் கைவண்ணமாம். நள்ளிரவில் ஆளரவமற்ற பெரிய நிலையம் ஒன்றை நிமிர்ந்து பார்ப்பதும் நன்றாகத்தான் இருந்தது.

அந்தத் தாமதத்துக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். சரியான நேரத்துக்கு ஓடியிருந்தால் சஸ்காட்சுவான் மாகாணத்தின் கிழக்குப் பகுதியை இருட்டில் கடந்திருப்போம். காலையில் கண்விழித்தபோது வெளியே எதுவும் இல்லை. மரம் இல்லை, மேடு இல்லை. அறுத்த பயிரின் அடித்தாள்கள் அடிவானம் வரை மஞ்சளாகக் கிடந்தன. செப்டெம்பர் மாதம், அறுவடை நடந்துகொண்டிருந்தது. வெகு தொலைவில் ஓர் அறுவடை இயந்திரம் தன் புழுதியைத் தானே இழுத்துக்கொண்டு போனது. வீதிகள் எல்லாம் நேர்கோடு. மைலுக்கு மைல் சதுரமாக அளந்து வெட்டிய நிலம் இது. 1872ஆம் ஆண்டுச் சட்டம் 10 டொலர் கட்டணத்தில் ஆளுக்கு 160 ஏக்கர் கொடுத்தது. கொடுப்பதற்கு முன் அது யாருடைய நிலம் என்ற கேள்வியைச் சதுரங்கள் கேட்பதில்லை.

வழிகாட்டி கண்ணாடிக் கூரைப் பெட்டிக்கு ஏறி வந்து, "பெயர்ப் பலகைகளை மட்டும் பாருங்கள்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. ஃபென்வுட், குடீவ், ஹபர்ட், இட்யூனா, ஜாஸ்மின், கெலிஹர் என்று ஊர்கள் வந்தன. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பிடித்தவர் அம்மா. இந்த நாட்டுக்கு வந்தபின் முதியோர் வகுப்பில் ஆங்கில எழுத்துகளைத் திரும்ப எழுதிப் பழகியவர். "முதலெழுத்தைப் பார். வரிசையாக வருகிறது" என்றார். நூறு வருடத்துக்கு மேலாயிற்று. கிராண்ட் ட்ரங்க் பசிஃபிக் என்ற நிறுவனம் வெறும் புல்வெளியில் பாதை போட்டது. ஏழெட்டு மைலுக்கு ஒரு நிலையம் வேண்டும், அங்கே பெயர் வைக்க ஊரே இல்லை. ஆகவே அரிச்சுவடியைப் போல அகரவரிசையில் பெயர் வைத்துக்கொண்டே போனார்கள். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. சஸ்கடூனுக்கு முன்னால் வாட்ரஸ் (W), ஸீனா (X), யங் (Y), ஸெல்மா (Z) என்று ஒரு வரிசை முடிகிறது. சில இடங்களில் பலகை இருந்தது, ஊர் இல்லை. ஒரு காலத்தில் ஒவ்வொரு நிலையத்திலும் மரத்தாலான தானியக் களஞ்சியம் ஒன்று நின்றது. இப்போது அவற்றில் மிகச் சிலவே மிஞ்சியிருக்கின்றன. லாரிகளும் பெரிய கொங்கிரீட் களஞ்சியங்களும் அவற்றின் வேலையை எடுத்துக்கொண்டன.

கடைசி எழுத்தைக் கண்டபோது பெட்டியிலிருந்த எல்லோரும் கை தட்டினார்கள். மலைகளுக்குக்கூட அவ்வளவு சத்தமாகத் தட்டவில்லை.

இந்த ரயிலில் சாப்பாட்டு மேசை நால்வருக்கானது. இரண்டு பேர் போனால் அறிமுகமில்லாத இருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துவிடுவார்கள். சஸ்கடூனில் ஏறிய ஒரு விவசாயத் தம்பதி எங்களோடு அமர்ந்தார்கள். மனிதருக்கு எழுபது வயதிருக்கும். புறங்கையில் ஆறிய வெட்டுக்காயம், நகத்தின் ஓரத்தில் கழுவியும் போகாத கறுப்பு. வன்கூவரிலிருக்கும் மகளைப் பார்க்கப் போகிறார்கள். அறுவடை முடிந்துவிட்டதா என்று கேட்டேன். "பருப்பு முடிந்தது, கோதுமையை மகன் பார்த்துக்கொள்கிறான்" என்றார். என்ன பருப்பு என்று கேட்டதற்குச் சட்டைப்பையிலிருந்து நாலைந்து மணிகளை எடுத்து மேசை விரிப்பில் போட்டார். வேலைச் சட்டையில் தங்கிவிட்டவை போலும். சாம்பல் கலந்த பழுப்புத் தோல். அம்மா ஒன்றை எடுத்து நகத்தால் தோலைக் கீறினார். உள்ளே செம்மஞ்சள்.

"மைசூர்ப் பருப்பு!"

எங்கள் வீட்டில் கிழமைக்கு நாலு நாள் வேகிற பருப்பு. உலகில் வேறெந்த நாட்டையும்விட அதிகமாக இதை ஏற்றுமதி செய்வது கனடா. அதில் பெரும்பங்கு விளைவது நாங்கள் கடந்துகொண்டிருந்த சஸ்காட்சுவானில். ஐம்பது வருடத்துக்கு முன் இங்கே இந்தப் பயிர் பேருக்குத்தான் இருந்தது. சஸ்கடூனிலுள்ள சஸ்காட்சுவான் பல்கலைக்கழகத்தில் அல் ஸ்லிங்கார்ட் என்ற பயிர் ஆய்வாளர் 1978இல் 'லெயார்ட்' என்ற ரகத்தை வெளியிட்ட பிறகு பரவியது. கோதுமைக்கு நடுவே ஒரு வருடம் நிலத்தைத் தரிசாகப் போட்டு வைத்தவர்கள், காற்றிலிருந்து நைதரசனை மண்ணுக்கு இழுத்துத் தருகிற இந்தப் பருப்பை விதைக்கத் தொடங்கினார்கள். விவசாயி இதையெல்லாம் தன் மகனைப் பற்றிச் சொல்கிற பெருமையோடு சொன்னார். எப்படிச் சமைப்பது என்று மனைவி கேட்டார். அம்மா சொல்ல நான் மொழிபெயர்த்தேன். தேங்காய்ப் பாலை எப்போது விட வேண்டும் என்பதில் அம்மா கறாராக இருந்தார்.

சாப்பிட்டு முடியுமுன்னர் வண்டி ஒதுங்கி நின்றது. தானியப் பெட்டிகள், உரத்துக்கான பொட்டாசியப் பெட்டிகள், எண்ணெய்த் தாங்கிகள் என்று எதிரே போய்க்கொண்டிருந்தன. இம்முறை அம்மா குறைப்படவில்லை. எண்ணினார், 163 என்று தாளின் பின்னால் குறித்தார்.

எட்மன்டனை உறக்கத்தில் கடந்தோம். அந்த நகரைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

ஜாஸ்பரில் மூன்று இரவு தங்கல். சுற்றுலா நிறுவனத்தின் தாளில் தடித்த எழுத்தில் இருந்ததெல்லாம் இங்கேதான். ஏரிகள், பனியாறு, மலையாடுகள் எல்லாம் பார்த்தோம். ஏரி படத்தில் இருப்பதைப் போலவே இருந்தது. எனக்கு அதுதான் குறை. மனதில் நிற்பது வேறு. 2024 யூலையில் காட்டுத் தீ இந்த ஊரின் கட்டடங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றைத் தின்றுவிட்டது. ரயில் நிலையம் தப்பியது. அதிலிருந்து சிறிது தூரம் நடந்தால் படிக்கட்டு மட்டும் மிஞ்சிய வீட்டு மனைகள். ஊருக்கு வெளியே மலைச்சரிவு முழுவதும் தீக்குச்சிகளை நட்டுவைத்ததைப் போலக் கரிந்த மரங்கள். அவற்றின் காலடியில், எரிந்த நிலத்தில் முதலில் முளைக்கும் ஃபயர்வீட் செடி பூத்து முடிந்து, பஞ்சைக் காற்றில் விட்டுக்கொண்டிருந்தது. அம்மா ஒரு பஞ்சைப் பிடித்து உள்ளங்கையில் வைத்து ஊதினார்.

அடுத்த வண்டி சனிக்கிழமை பிற்பகல் தாண்டியும் வரவில்லை. வந்து புறப்பட்டபோது மாலை ஆறு. தாளின்படி அன்றைக்குப் பட்டப்பகலில் யெல்லோஹெட் கணவாயைக் கடந்து, கனேடிய ரொக்கி மலைகளில் மிக உயரமான ரொப்சன் சிகரத்தை, 3,954 மீட்டரை, கண்ணெதிரே பார்க்க வேண்டும். ஃபிளெமிங் ரயில்பாதைக்குத் தேர்ந்தெடுத்த கணவாய் இதுதான். 1880களில் பாதை போட்டவர்கள் அதை விட்டுவிட்டுத் தெற்கே வேறு கணவாய் வழியாகப் போனார்கள். பிற்பாடு வந்த நிறுவனங்கள் இந்த வழியை எடுத்தன. அவர் சொன்னது சரியா தவறா என்று பார்க்க எங்களுக்கு வாய்க்கவில்லை. ரொப்சன் வந்தபோது கண்ணாடிக் கூரையில் எங்கள் முகங்கள்தாம் தெரிந்தன. ஒருவர் வழிகாட்டியிடம் கோபமாகப் பேசினார். மலை இருட்டில் இருப்பதற்கு வழிகாட்டி என்ன செய்வார்?

ஆனால் இரவில் கடந்திருக்க வேண்டிய தொம்சன், ஃபிரேசர் ஆற்றுப் பள்ளத்தாக்குகள் எங்களுக்குக் காலை வெளிச்சத்தில் கிடைத்தன. ஆறு கீழே பழுப்பாகச் சுழித்து ஓடுகிறது. ஒரு கரையில் எங்கள் தண்டவாளம், எதிர்க்கரையில் இன்னொரு நிறுவனத்தின் தண்டவாளம். இப்போது இருவரும் உடன்பாடு செய்து, மேற்கே போகும் வண்டிகளை ஒன்றிலும் கிழக்கே போகிறவற்றை மற்றதிலும் விடுகிறார்கள். எதிர்க்கரைப் பாதையைத்தான் முதலில் வெட்டினார்கள். அதை வெட்டியவர்களில் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள். பதினையாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். நாளுக்கு ஒரு டொலர் கூலி, வெள்ளையருக்கு அதைவிட அதிகம். வெடியிலும் பாறைச் சரிவிலும் நோயிலும் குறைந்தது 600 பேர் இறந்தார்கள். 1885 நவம்பர் 7 அன்று கிரெய்கெலாக்கி என்ற இடத்தில், ரயில் நிறுவனத்தின் இயக்குநர்களில் ஒருவரான டொனால்ட் ஸ்மித் கடைசி ஆணியை அடித்தார். முதலில் அடித்த ஆணி வளைந்துபோனதால் இன்னொன்று கொண்டுவர வேண்டியிருந்தது. புகழ்பெற்ற அந்தப் புகைப்படத்தில் அவருக்குப் பின்னால் வெள்ளைத் தாடியும் உயரத் தொப்பியுமாக நிற்பவர் ஃபிளெமிங். சீனத் தொழிலாளர் ஒருவர்கூட அதில் இல்லை. அதே ஆண்டில் அரசு சீனக் குடிவரவாளர்மீது 50 டொலர் தலைவரி விதித்தது. 1903இல் அது 500 ஆனது. 2006 யூனில்தான் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்கள்.

இன்னொன்றையும் வழிகாட்டி சொன்னார். ஆணி அடித்து ஒன்பதாம் நாள், பழங்குடியினரும் ஐரோப்பியரும் கலந்த வழிவந்த மெற்றி மக்களின் தலைவர் லூயி ரியெல் ரெஜைனாவில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய எழுச்சியை அடக்கப் படையைச் சமவெளிக்குக் கொண்டுபோனதும் இன்னும் முடிந்திராத அதே ரயில்பாதைதான். இதைச் சமவெளியில் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "தாளில் அன்றைக்கு ரியெல் இல்லை" என்றார். முதன்முறையாக அவர் அந்தத் தாளைக் கேலி செய்தார்.

அம்மா எதிர்க்கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "வேலைக்குக் கூப்பிட்டுவிட்டு, முடிந்ததும் வாசலில் வரி கேட்டார்களா?" என்றார். அதற்குப் பிறகு ஹெல்ஸ் கேட் என்ற இடுக்கு வரும்வரை பேசவில்லை. 1914இல் எங்கள் பக்கத்துப் பாதையை அமைக்கும்போது சரிந்த பாறைகள் அங்கே ஆற்றை நெருக்கி, முட்டையிட மேலேறும் சொக்கை சால்மன் மீன்களின் வழியை அடைத்துவிட்டன. மீன் ஏறுவதற்கென்று கொங்கிரீட் வழி கட்ட முப்பது வருடம் ஆயிற்று.

வன்கூவரில் மறுநாள் குழு கலைந்தது. நானும் அம்மாவும் சீபஸ் எனும் பயணிகள் படகில் துறைமுகத்தைக் குறுக்கே கடந்தோம். வடகரையில் வெண்ணிறக் கொங்கிரீட் குதிர்கள் வரிசையாக நின்றன. அவற்றின் அடியில் தானியக் கப்பல் ஒன்று வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது. பக்கத்தில் தானியப் பெட்டிகள். அம்மா கைப்பையிலிருந்து தாளை எடுத்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எண்ணத் தொடங்கினார். 26 வரை வந்து நிறுத்தினார்.

"எழுதவில்லையா?" என்றேன்.

"நிற்கிற வண்டியை எப்படிக் கணக்கில் சேர்ப்பது?" என்று தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார்.